வீட்டு விளையாட்டில் புதுக்கருவிகள்: பயனா, பகட்டா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்திற்குச் சற்றே விலக்களித்து, வீட்டில் ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு இளைஞர் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். ஆட்டத்திற்குள்ளேயே ஆளை இறக்கிவிடுவதாகச் சொல்லும் கருவிகள் உண்மையில் பயன்படுபவையா, அல்லது வெறும் பகட்டா என்பதே அவர்கள் எழுப்பியுள்ள வினா. ஆண்டு விழாவில் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருவாயை விழுங்கக்கூடிய பொருளைப் பற்றிய வினா இது. அதனினும் மேலாக, ஊரைவிட்டு வந்து இரண்டறை வீடுகளில் வாழும் நமக்கு, இருக்கின்ற ஒரே கூடத்தை யார் ஆள்வது, யார் ஒதுங்கிக்கொள்வது என்ற வினாவும் இதனுள் அடங்கியிருக்கிறது.

காட்சியைப் பார்ப்பதோடு நில்லாமல் காட்சிக்குள் புகுந்துவிட வேண்டும் என்னும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஒரு விளக்கையும் ஒரு வெள்ளைத் துணியையும் கொண்டு இலங்கையையே எரித்துக் காட்டிய தோற்பாவைக் கூத்தர்கள் அவ்வாசையை நன்கு அறிந்திருந்தனர். இயந்திரத்தின் துணைகொண்டு அதனை நிறைவேற்ற முயன்றோருள் மார்ட்டன் ஹெய்லிக் என்னும் அமெரிக்கர் முன்னோடி எனலாம். 1962-ஆம் ஆண்டில் 'சென்சோரமா' என்னும் பெட்டிக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதன்முன் அமர்ந்து தலையை உள்ளே நுழைத்தால், நியூயார்க் நகரத்துத் தெருக்களில் மோட்டார் சைக்கிளில் செல்லும் காட்சி தெரியும்; இருக்கை அதிரும்; முகத்தில் காற்று வீசும்; மணமும் வரும். பாராட்டினோர் உண்டு, பணம் போட முன்வந்தோர் இலர். 1968-இல் இவான் சதர்லாந்து என்னும் அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவியை ஆய்வுக்கூடத்தில் இயக்கிக் காட்டினார். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பிற்று. ஆனால் அக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. மன்னனின் ஆசனத்தில் அமர்ந்தவன் தலைக்கு மேல் ஒற்றை மயிரில் வாள் தொங்கியதாகச் சொல்லும் பழங்கதையை நினைந்து, 'டாமக்கிளீசின் வாள்' என்ற பெயர் அதனோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு பொருள் ஆய்வுக்கூடத்தில் இயங்குவது வேறு. கடையில் விற்பது வேறு. வீட்டில் நிலைப்பது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே பயனா, பகட்டா என்னும் வாதம் முடிவின்றி நீள்கிறது. நாம் கைக்கொள்ளும் அளவுகோல் மிக எளியது. வாங்கி ஆறு திங்கள் கழிந்த பின் அப்பொருள் கூடத்தில் இருக்கிறதா, பரணில் ஏறிவிட்டதா? உடற்பயிற்சிச் சைக்கிள் துணி உலர்த்தும் கொடியாக மாறியதை அறியாத வீடு நம் சங்கத்தில் இராது.

இவ்வளவுகோலால் அளந்தால் பல பெரும் முயற்சிகள் பரணுக்கே உரியனவாகின்றன. 1995-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வர்ச்சுவல் பாய்' என்னும் கருவியை வெளியிட்டது. அதனை வடிவமைத்த குன்பெய் யோகோய் சாமானியர் அல்லர். உலகெங்கும் பிள்ளைகளின் கைகளில் தவழ்ந்த 'கேம் பாய்' கருவியின் பிறப்பிற்குக் காரணமானவர். ஆயினும் மேசைமீது நிறுத்தி, குனிந்து, இரு கண்களையும் பதித்து, கரும்பின்னணியில் சிவப்பு நிறம் ஒன்றையே கண்டுகொண்டிருக்க வேண்டிய அக்கருவி கழுத்தையும் கண்ணையும் ஒருங்கே வருத்திற்று. எட்டு லட்சத்தை எட்டாத விற்பனையோடு ஓராண்டிற்குள் அது மறைந்தது.

முப்பரிமாணத் தொலைக்காட்சியின் கதையும் இதுவே. 1984-இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தைத் திரையரங்கில் கண்ணாடி அணிந்து கண்டு களித்தோர் இவ்வவையில் பலர் இருப்பர். 2009-இல் 'அவதார்' பெற்ற பெருவெற்றியைக் கண்ட நிறுவனங்கள், அதே களிப்பை வீட்டிற்குக் கொணர்வோம் என்று 2010 முதல் முப்பரிமாணத் தொலைக்காட்சிகளைச் சந்தையில் குவித்தன. 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் அதனைக் கைவிட்டுவிட்டன. திரையரங்கில் மூன்று மணி நேரம் கண்ணாடி அணியத் தயங்காதவர் வீட்டில் ஏன் தயங்கினார்? வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவர் அதனை மட்டும் பார்ப்பதில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்திக்கொண்டே பார்ப்பார். வாயிலில் மணியடித்தால் எழுந்து செல்வார். கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதும் அவருக்கு வேலையாயிற்று. இல்லத்தின் இயல்பை அறியாத கருவி இல்லத்தில் எங்ஙனம் நிலைக்கும்?

இனி, இவ்வரிசையில் மிகுந்த அழகுடையதும், நம் வினாவிற்கு நேரே பொருந்துவதுமான ஒரு முயற்சியைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். 2013 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரத்து மின்னணுப் பொருட்காட்சியில் 'இல்லுமிரூம்' என்னும் ஒன்று காட்டப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் உருவாக்கியது அது. ஆடுபவர் தலையில் ஒன்றையும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. தொலைக்காட்சிக்கு எதிரே ஓர் ஒளிவீச்சுக் கருவியும், அறையின் வடிவத்தை ஆழ அகலத்தோடு அளந்தறியும் 'கினெக்ட்' என்னும் உணரியும் வைக்கப்படும். தொலைக்காட்சியைச் சுற்றியுள்ள சுவர், அலமாரி, நாற்காலி ஆகியவை எங்கெங்கே உள்ளன என்பதை உணரி முதலில் அறிந்துகொள்ளும். பின்னர் ஆட்டத்தின் காட்சி தொலைக்காட்சிச் சட்டத்தைத் தாண்டிச் சுவரெங்கும் விரியும். ஆட்டத்தில் பனி பெய்தால் அறையிலும் பனி பெய்யும். அலமாரியின் மேல்தட்டில் படியவும் செய்யும். திரைக்குள் எறியப்பட்ட குண்டு திரையை விட்டு வெளியே குதித்து உருண்டு வரும். வெடி வெடித்தால் சுவரே நெளிவதுபோல் தோன்றும்.

கண்டோர் வியந்தனர். அவ்வியப்பு நியாயமானது என்றே நாமும் கருதுகிறோம். நம் பார்வையின் நடுப்பகுதியே நுண்மையாகக் காண்பது. ஓரங்கள் அசைவையும் ஒளியையும் உணர்வதில் வல்லவை. சிறிய திரையில் நடுப்பார்வையை நிறுத்தி, ஓரப்பார்வைக்குச் சுவரில் தீட்டிய ஒளியை அளித்தால் மனம் தானாகவே ஆட்டத்திற்குள் இழுக்கப்படும். இக்கருத்து திண்ணமான அறிவியல் அடிப்படை உடையது. அறையிலுள்ள பிறரும் அதே பனியைக் காண்பர் என்பது இதன் தனிச்சிறப்பு. 2014-இல் அதே ஆய்வாளர்கள் பல ஒளிவீச்சுக் கருவிகளைக் கொண்டு அறை முழுவதையுமே ஆடுகளமாக்கிக் காட்டினர். 2017-இல் ரேசர் நிறுவனம் இதை ஒத்த கருவி ஒன்றை மாதிரியாகக் காட்சிக்கு வைத்தது. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் கடைக்கு வரவில்லை.

காரணத்தை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒளிவீச்சுக் கருவிக்கு இருட்டு வேண்டும். வெளிர்நிறச் சுவர் வேண்டும். தொலைக்காட்சிக்கு எதிரே குறுக்கிடுவார் இல்லாத இடம் வேண்டும். நம் கூடத்திலோ தொலைக்காட்சியை அடுத்துப் பூசை மாடமும், காலண்டரும், தாத்தாவின் மாலையிட்ட படமும் உள்ளன. இடையே ஒருவர் தண்ணீர் எடுக்கச் சென்றால் பனி அவர் சட்டையின்மேல் பெய்யும். அமெரிக்க வீட்டிற்கும் இது பொருந்தாமற் போயிற்று என்றால் நம் வீட்டைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

ஆனால் இதே கருத்தின் ஒரு சிறு கீற்று வெற்றியுடன் நிலைத்துவிட்டது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் 2004-இலேயே 'ஆம்பிலைட்' என்ற பெயரில், திரையின் நிறத்திற்கேற்பத் தொலைக்காட்சியின் பின்புறச் சுவரில் ஒளி வீசும் அமைப்பைக் கொண்டுவந்தது. அதில் பனியும் இல்லை, குண்டும் இல்லை. வெறும் நிறம் மட்டுமே. வீட்டாரிடம் அது எதையும் கேட்கவில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் தானே எரியும். அணைத்தால் தானே அணையும். பெரிய கனவு ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட, சிறிய கீற்று சுவரில் குடியேறிவிட்டது.

கினெக்ட் உணரி என்று சற்றுமுன் குறிப்பிட்டோம். 2010 நவம்பரில் வெளிவந்த அது கையில் பிடிக்கும் கருவி எதுவுமின்றி ஆடுபவரின் உடலசைவையே கட்டளையாக ஏற்றது. முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்றது. ஆனால் ஒருவர் ஆடுவதற்கு ஆறடி, இருவர் ஆடுவதற்கு எட்டடி பின்னே நிற்க வேண்டும் என்று விதித்தது. மும்பையிலோ கல்கத்தாவிலோ குடியிருப்போர், எட்டடி பின்னே சென்றால் சமையலறையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அறிவர். 2013-இல் வந்த புதிய எக்ஸ்பாக்ஸுடன் அதனைக் கட்டாயமாகச் சேர்த்து விற்றனர். மறு ஆண்டே அது இல்லாமல் விலை குறைத்து விற்க நேர்ந்தது. 2017-இல் உற்பத்தியே நின்றது. பகட்டு என்று இதனைத் தள்ளிவிடலாமா? தள்ளலாகாது. வீட்டில் தோற்ற அவ்வுணரி உடலியக்க மருத்துவத்திலும் இயந்திர மனிதர் ஆய்விலும் நெடுங்காலம் கைகொடுத்தது. இடம் மாறியதும் பயன் பிறந்தது.

இதற்கு நேர்மாறானது நின்டெண்டோவின் 'வீ' கருவி. 2006-இல் வெளிவந்தபோது அதன் படத்தின் தெளிவு போட்டிக் கருவிகளைவிடக் குறைந்ததே. ஆட்டத்தில் மூழ்கச் செய்வதாக அது ஆரவாரம் செய்யவில்லை. கையிலுள்ள சிறு கோலை டென்னிஸ் மட்டையைப் போல் வீசினால் திரையிலும் மட்டை வீசப்படும், அவ்வளவே. ஐந்து வயதுப் பேரனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொண்டனர். அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் அதைக்கொண்டு பந்துருட்டும் போட்டிகள் நடைபெற்றன. வீசும் வேகத்தில் கோல் கைநழுவித் தொலைக்காட்சியைப் பதம் பார்ப்பதும் நிகழ்ந்தது. அதனால் மணிக்கட்டு வார்கள் 32 லட்சத்தை அந்நிறுவனம் மாற்றித்தர முன்வந்தது. மொத்தத்தில் 10 கோடிக்கு மேல் விற்றது. ஒருவர் ஆடும்போது பத்துப் பேர் சிரித்துக்கொண்டு பார்க்க முடிந்ததே அதன் வலிமை. நம் தாயக்கட்டத்தை நினைவுகூர்க. ஆடுபவர் நால்வர் என்றால், எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்று சொல்லித்தருபவர் எண்மர்!

இனித் தலையில் மாட்டும் ஹெட்செட்டுக்கு வருவோம். இளைஞர்கள் கேட்கக் காத்திருப்பது இதைத்தான் என்பதை அறிவோம். 2012-இல் ஆக்குலஸ் என்னும் சிறு நிறுவனம் பொதுமக்களிடம் ஏறத்தாழ 24 லட்சம் டாலர் திரட்டி இத்துறைக்குப் புத்துயிர் அளித்தது. 2014-இல் பேஸ்புக் அதனை 200 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2016-இல் ஆக்குலஸ் ரிப்ட், எச்டிசி வைவ், சோனியின் பிளேஸ்டேஷன் விஆர் ஆகிய மூன்றும் வீட்டுச் சந்தைக்கு வந்தன.

இவற்றின் அறிவியல் பாராட்டுக்குரியது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப்படம். நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படும் காட்சி. தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையே நொடியின் ஐம்பதில் ஒரு பங்கிற்கு மேல் தாமதம் நேராதவாறு காக்கும் திறன். இத்தனையும் இருந்தும் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. ஏற்காட்டு மலைப்பாதையில் பேருந்தில் அமர்ந்து புத்தகம் படித்தவர்க்கு இது விளங்கும். அங்கே உட்செவி நகர்கிறோம் என்கிறது. புத்தகத்தில் நிலைத்த கண் நகரவில்லை என்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழாக நிகழ்கிறது: கண் ஓடுகிறது, உடல் நிற்கிறது. கண்ணுக்கு மற்றுமொரு தொல்லையும் உண்டு. ஆட்டத்தில் பொருள் அருகே வரும்போது இரு விழிகளும் உட்புறம் திரும்புகின்றன. ஆனால் விழியாடி குவிய வேண்டிய தொலைவு மாறுவதில்லை. இயற்கையில் ஒன்றாக இயங்கும் இரண்டு செயல்கள் இங்கே பிரிக்கப்படுகின்றன. நீண்ட நேரம் அணிந்தால் கண் களைப்பதற்கு இது ஒரு காரணம். வேகம் மிக்க கணிப்பொறி வந்துவிட்டால் இவை தீர்ந்துவிடும் என்று விற்பவர் கூறுவது பாதி உண்மையே. தாமதம் குறையும், உட்செவி ஏமாறாது.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். அறைக்குள் நடந்து ஆடுவதற்கு வைவ் கருவி கேட்ட குறைந்த அளவு இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். சோபாவை நகர்த்தினால் கிடைக்கும் என்பீர்கள். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியை என்ன செய்வீர்கள்? கண் மறைந்த நிலையில் இரு கைகளையும் உயர்த்தி வாள் வீசும் ஒருவர், நம் நாட்டுத் தாழ்ந்த கூரையின்கீழ் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை இக்கருவிகளை வடிவமைத்தோர் நினைத்திருக்க மாட்டார்கள். விசிறியை நிறுத்தினாலோ, மே மாதத்தில் அரைமணி நேரத்திற்குள் ஹெட்செட்டின் உட்புறம் வியர்வையில் நனைந்துவிடும்.

இவ்வளவு கூறியும் ஹெட்செட்டைப் பகட்டு என்று ஒதுக்க நாம் ஒருப்படவில்லை. குறையை அறிந்து, அதற்கேற்ப அமைக்கப்பட்ட ஆட்டங்கள் சில உண்டு. செக் நாட்டில் உருவாகி 2018-இல் வெளிவந்த 'பீட் சேபர்' அவற்றுள் ஒன்று. ஆடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இசையின் தாளத்திற்கேற்பப் பறந்துவரும் கட்டைகளை ஒளிவாள்களால் வெட்டுகிறார். உடல் ஓடாததால் குமட்டல் குறைவு. தாளம் தவறாமல் வெட்ட வேண்டியிருப்பதால் நல்ல உடற்பயிற்சியும் ஆகிறது. ஜதியோடு வளர்ந்த நம் பிள்ளைகள் இதில் முன்னிற்பதில் வியப்பில்லை.

கனடாவிலிருந்து 2015-இல் வெளிவந்த மற்றோர் ஆட்டம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்பது அதன் நீண்ட பெயர். ஹெட்செட் அணிந்தவர் முன் ஒரு வெடிகுண்டு. அதனை அவர் மட்டுமே காண்பார். அதைச் செயலிழக்கச் செய்யும் முறைகளைக் கூறும் கையேடு அருகில் அமர்ந்திருப்போரிடம் இருக்கும். அவர்கள் குண்டைக் காண இயலாது. "சிவப்புக் கம்பி எத்தனை?" என்று இவர்கள் கேட்க, அவர் சொல்ல, கடிகாரம் ஓட, வீடே கூச்சலிடும். கண்ணை மறைப்பதால் ஒருவர் தனிமைப்படுகிறார் என்ற குறையையே விளையாட்டின் உயிராக்கிய இதன் ஆசிரியர்களின் அறிவை எவ்வளவு பாராட்டினும் தகும்.

பயன் என்பதற்குப் பிறிதொரு சான்றும் உண்டு. அதற்கு ஹெட்செட்டும் வேண்டுவதில்லை. நிசான் நிறுவனமும் சோனியும் சேர்ந்து 2008 முதல் 2016 வரை நடத்திய பயிற்சித் திட்டத்தில், வீட்டில் 'கிரான் டூரிஸ்மோ' என்னும் கார்ப் பந்தய ஆட்டத்தில் தேர்ந்தவர்களை உண்மைப் பந்தயத்திற்குப் பழக்கினர். 2011-இல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ என்னும் பிரிட்டானிய இளைஞர் தொழில்முறைப் பந்தய ஓட்டுநராகவே ஆனார். திருப்பினால் எதிர்த்து இழுக்கும் ஸ்டியரிங் சக்கரமும் கால்மிதிகளும் அளிக்கும் பழக்கம் சாலையிலும் உதவுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் அதே சக்கரத்தை வாரம் ஒருமுறை தொடுபவர் வீட்டில் அது இடத்தை அடைக்கும் பொருளேயாகும்.

விலையைக் கூறாமல் முடிப்பது நேர்மையாகாது. 2023-இல் சோனி இரண்டாம் ஹெட்செட்டை வெளியிட்டபோது அதன் அமெரிக்க விலை 550 டாலராக இருந்தது. அதனைப் பொருத்துவதற்குரிய விளையாட்டுக் கருவியோ அப்போது 500 டாலர். குதிரையைவிடச் சேணம் விலை மிகுந்ததாயிற்று. 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிளின் விஷன் ப்ரோ 3,499 டாலர். பேஸ்புக்கின் இன்றைய வடிவமான மெட்டா நிறுவனம் இத்துறைக்குரிய தன் பிரிவில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,600 கோடி டாலர் நட்டம் காட்டியது. உலகின் பெருஞ்செல்வர்களே இன்னும் இலாபம் காணாத ஒரு துறையில், மாதத் தவணையில் நாம் முந்திச் செல்ல வேண்டிய அவசரம் யாதுமில்லை. பிள்ளைகள் உடனே வேண்டும் என்று அடம்பிடித்தால், நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கித் தருக. ஒலியே பாதி மாயத்தைச் செய்துவிடும். மின்விசிறிக்கும் அதனால் ஆபத்தில்லை.

நிற்க. சங்கத்திற்கு ஹெட்செட்டுகள் இரண்டு வாங்கி நூலக அறையில் வைக்க வேண்டும் என்று இளைஞர் குழுவினர் செயற்குழுவிற்கு விண்ணப்பம் அளித்திருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். இவ்வுரையை நம்மிடம் ஒப்படைத்ததன் உட்பொருளும் அதுவே என்று ஊகிக்கிறோம். நம் கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். வாங்கலாம், ஆனால் ஒன்று போதும். இரண்டு இருந்தால் இருவர் தனித்தனியே முகம் மூடி நிற்பர். ஒன்று இருந்தால் மற்றவர் சுற்றி நிற்பர். அதைத் தொலைக்காட்சியோடு இணைத்தே பயன்படுத்த வேண்டும். அணிந்தவர் காண்பதை அறையிலுள்ளோரும் காணட்டும். நூலக அறை வேண்டா; ஞாயிறு காலையில் அங்கே தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. மேடைக்குப் பின்னுள்ள ஒப்பனை அறையில் கூரை உயரம், மின்விசிறியும் சுவரில் பொருத்தியது. தம் முதற்கருவியை 12 வயதிற்குட்பட்டோர் அணியலாகாது என்று சோனி அறிவித்திருந்தது. மெட்டா நிறுவனம் 2023-இல் பெற்றோர் மேற்பார்வையோடு 10 வயது வரை இறங்கியது. நம் சங்கம் 12 என்றே வைத்துக்கொள்ளட்டும். ஒருவர்க்கு ஒருமுறை 20 நிமிடத்திற்கு மேல் வேண்டா.

முதல் ஆட்டமாக அந்த வெடிகுண்டு ஆட்டத்தையே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குண்டின்முன் இளைஞர் ஒருவர் நிற்கட்டும். கையேடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர் கையில் இருக்கட்டும். அக்கையேட்டைத் தமிழாக்கிப் பெரிய எழுத்தில் அச்சிடும் பொறுப்பை இளைஞர் குழுவினர் ஏற்பார்களாயின், மெய்ப்புப் பார்த்துத் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.